அளவு வராத நாள்

மழைப் பதிவேட்டின் உள்ளட்டையில் அச்சிட்டிருக்கும் ஆறாவது விதி இது: "மழை பெய்யாத நாளுக்குப் பூஜ்யம் எழுதவும். மழை அளக்கப்படாத நாளுக்குப் பூஜ்யம் எழுதக் கூடாது. கோடிட்டு, குறிப்புக் கலத்தில் காரணம் எழுதவும்." இதைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்பு போதும். எங்கள் பிரிவுகளில் மழை அளந்தவர்களில் பலர் எட்டாம் வகுப்புதான். எனக்குத் தெரிந்து அவர்களில் ஒருவரும் இந்த விதியில் தவறியதில்லை. தவறியவர் கணினியில் முதுகலைப் பட்டம் பெற்றவர்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இது புகார் மனு ஆகிவிடும். புகார் மனுவுக்கு வேறு படிவம் இருக்கிறது. அதையும் உரிய வழியில் அனுப்பியிருக்கிறேன். 'அவர்' என்றே இங்கே குறிப்பிடுகிறேன். கோபம் வந்ததும் மரியாதை விகுதியை விட்டுவிடுவது சோம்பேறிகளின் பழக்கம்.

வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் அவருடைய நிறுவனம் இருந்தது. நிறுவனம் என்றால் அவரும் மூன்று கணினிகளும். நான் கண்காணிப்பாளராக இருந்த அலுவலகம் எது என்பது வேண்டாம். ஆற்றோர ஊர்களில் மழையை அளந்து பதிவுசெய்வது அதன் வேலைகளில் ஒன்று. அதற்கு வலைத்தளம் செய்துதரும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. காலை எட்டரை மணிக்கு ஒவ்வொரு பிரிவிலும் மழைமானியைப் பார்த்து, அளவைக் குறுஞ்செய்தியாக அனுப்புவார்கள். கணினி அவற்றை வாங்கி, முப்பது நாள் மழையை ஏறி இறங்கும் கோடாக ஒரு படத்தில் வரைந்துவிடும். எங்கள் அதிகாரிகள் அட்டவணையைத் திறக்கமாட்டார்கள். படம் என்றால் அடுத்தவருக்கு அனுப்பிவைப்பார்கள். எனவே படம்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. காலியாகக் கிடக்கும் எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் தலைக்கவசத்தை வைப்பார். தம்ளரில் தேநீர் விளிம்பைத் தொடாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பி நீட்டுவார். நாளிதழின் குறுக்கெழுத்தில் விடை தெரியாத கட்டங்களில் கைக்கு வந்த எழுத்தைப் போட்டு நிரப்பிவிட்டு, நிறைந்த சதுரத்தைத் திருப்தியோடு பார்ப்பார். நாம் பேசும்போது மூச்சுவிட நிறுத்தினால் போதும், மிச்ச வாக்கியத்தை அவர் முடித்துவிடுவார். பாதிக்கு மேல் தவறாகவே முடிப்பார்.

ஒப்பந்தப் படிவத்தில் 'மனைவி பெயர்' என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. அவர் கல்யாணமாகாதவர் என்பது எனக்குத் தெரியும்.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"எங்கம்மா, அக்கா."

"இங்க கேட்டிருக்கது சம்சாரத்தோட பேருல்லா."

"தெரியும்க்கா. காலியா கெடந்தா ஒரு மாதிரி இருந்திச்சு. கல்யாணம் ஆனதும் மாத்திக்கிடலாம்."

"ஆபீசுல அக்கா, தம்பி கெடையாது. மேடம்னு கூப்பிடும்."

"சரிக்கா," என்றார்.

எங்கள் தட்டச்சரின் தகப்பனார் இறந்தபோது எல்லோரும் போயிருந்தோம். துக்க வீட்டில் யாரும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் சிறிது நேரம் உண்டு; அதற்காகத்தான் போகிறோம். அவரால் அதைத் தாங்க முடியவில்லை. இறந்தவரின் மகனிடம் புன்னக்காயலுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். அந்த வீட்டில் யாருக்கும் புன்னக்காயலில் உறவு கிடையாது. அவருக்கும் கிடையாது.

அந்தக் குணத்தின் வேர் ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் தெரிந்தது. அவருடைய அம்மா கொடுத்துவிடும் எலுமிச்சை ஊறுகாய் எங்கள் பிரிவில் பேர்போனது. நான் கேட்டேன்.

"ஊறுகா நெறைஞ்சிருக்குக்கா," என்றார்.

நான் தட்டை நீட்டினேன். அவர் சிரித்தபடி பாட்டிலைச் சாய்த்துக் காட்டினார். அடியில் எண்ணெய்கூட இல்லை.

"தீந்துபோச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே வே?"

"அப்பிடிச் சொல்லப்பிடாதுக்கா. எங்க வீட்டுல அரிசி தீந்தாலும் உப்பு தீந்தாலும் நெறைஞ்சிருக்குன்னுதான் அம்மா சொல்லுவாவ. இல்லைன்னு வாய் தெறந்து சொல்லிட்டா, அப்புறம் அந்தப் பொருள் வீட்டுல தங்காதுல்லா."

இப்படிச் சொல்லும் வீடுகளை நான் அறிவேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே பாதி வீடுகள் அப்படித்தான். எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்தால் தீர்ந்தது என்போம், வாங்கிவருவோம். ஆனால் அந்த வழக்கத்தில் ஒரு நாகரிகம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். சமையலறையில் இருக்கும்வரை அதனால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. சொல்லும் வீட்டாருக்கும் கேட்கும் வீட்டாருக்கும் பானை காலி என்பது தெரியும். படத்தைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது.

முதல் படத்தைப் பொறியாளர் முன்னிலையில் திரையில் காட்டினார். கோடு அழகாக ஏறி இறங்கியது. ஆனால் ஊர்ப்பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் வரிசையாக நின்றன.

"இது என்ன வே, ஊர் பேரைக் கேட்டா ஜன்னல் வரைஞ்சு வச்சிருக்கீரு?" என்றார் பொறியாளர்.

"எழுத்து வந்து குடியிருக்கப்போற வீடு சார். இன்னும் பால் காய்ச்சல," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

காரணத்தை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருடைய மேசைக் கணினியில் தமிழ் எழுத்துரு இருந்தது. படத்தை வரையும் கணினி எங்கோ வெளியூரில் இருந்தது. அதில் தமிழ் எழுத்துரு ஏற்றப்படவில்லை. தன்னிடம் இல்லாத எழுத்து வந்தால் அது ஒரு கட்டத்தை வரைந்துவிட்டுப் போய்விடும். இல்லாததை இல்லை என்று காட்டும் அளவுக்கு அந்த இயந்திரத்துக்கு ஒழுக்கம் இருந்தது.

எழுத்துருவை ஏற்றினார். எழுத்துகள் வந்தன, உறுப்புகள் இடம்மாறி. எழுத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. படம் வரையும் நிரலுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை, அதற்கு வேறொன்று சேர்க்கவேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார். வாரம் போனது. ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் போட்டு முடித்துவிட்டார்.

ஊர்ப்பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் மழைக்கு ஒன்றுமில்லை. நான் கவலைப்பட்டது வேறு வரிக்கு. அளவு வராத நாளில் கோடு அறுந்து நிற்கவேண்டும், அந்த இடத்தில் 'அளவு வரவில்லை' என்று எழுதப்படவேண்டும் என்று ஆறாவது விதியை மேற்கோள் காட்டி அவருக்குக் குறிப்பாணை கொடுத்திருந்தேன். அவரும் போட்டிருந்தார். அதுவும் கட்டங்களாகத்தான் வந்தது. ஜன்னல் சிரிப்புக்குப் பிறகு அதை அடியோடு எடுத்துவிட்டார்.

"இங்கிலீஷ்ல போட்டிருக்கலாமே," என்றேன்.

"எந்த பாசையில போட்டாலும் இல்லைதானேக்கா அது. படம் தெறந்த உடனே ஒரு பெரிய மனுசன் கண்ணுல அதுவா படணும்?"

"கோட்டை அறுத்தாவது விடும்."

"அறுந்த கோடு அதைவிட மோசம்லா."

"இது உம்ம வீட்டு ஊறுகா பாட்டில் இல்ல. விதி."

"ஆகட்டும்க்கா," என்றார். அவர் அகராதியில் அந்தச் சொல் எதற்கும் ஒப்புதல் இல்லை. உரையாடலின் கடைசி இடத்தை நிரப்புவதற்கு அவர் வைத்திருந்த சொல் அது. இதை நான் அன்றே கவனித்திருக்கவேண்டும்.

நான் ஓய்வுபெற்ற வருடத்து மார்கழியில் ஆறு கரையை விட்டு வந்தது. ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே ஆற்றையொட்டிய எங்கள் பிரிவு அலுவலகம் ஒன்றில் எஸ்தர் என்ற பெண் அடிப்படைப் பணியாளராக இருந்தார். பெருக்குவார், தபால் கொண்டுபோவார், காலை எட்டரைக்கு மழை அளப்பார். பிரசவ விடுப்பைத் தவிர அவர் அளக்காத நாள் என் நினைவில் இல்லை. வெள்ளத்தன்று எட்டரைக்கு அவர் அங்கே போயிருக்கிறார். பிறகு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"இடுப்புக்கு மேல தண்ணிம்மா. கம்பிவேலியப் புடிச்சிக்கிட்டு நிக்கேன். மானி எங்கன இருக்குன்னே தெரியல. போன் நனைஞ்சு செத்துப்போச்சு. யாருக்குச் சொல்லுறது, எப்பிடிச் சொல்லுறது?"

இரண்டு நாள் அளவு போகவில்லை. மூன்றாம் நாள் பதிவேட்டில் விதிப்படி கோடு போட்டுக் காரணமும் எழுதியிருக்கிறார். ஆனால் பதிவேடு ஏற்கெனவே வெள்ளத்தில் ஊறியிருந்தது; ஈரத்தில் அவர் எழுதிய மையும் கரைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. வாசிக்கக்கூடிய ஒரே சான்றாக மிஞ்சியது வலைத்தளத்துப் படம்தான். அதில் அந்த இரண்டு நாளும் கோடு வழவழவென்று தரைக்கு இறங்கி, பூஜ்யத்தைத் தொட்டு, மறுபடி ஏறியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆய்வுக் கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் போட்டார்கள். சுற்றியுள்ள பிரிவுகளின் கோடுகளெல்லாம் படத்தின் உச்சியில் நிற்க, எஸ்தரின் ஊரில் மட்டும் மழை பூஜ்யம்.

"அந்த ஊருக்கு மட்டும் வருண பகவான் லீவு போட்டுட்டாரா?" என்று மேடையிலிருந்து ஒருவர் கேட்டாராம். எஸ்தர் பணிக்கு வராமல் வீட்டிலிருந்தபடி பொய்யான அளவை அனுப்பினார் என்று குற்றச்சாட்டு எழுதப்பட்டது. தற்காலிகப் பணிநீக்கம். நிரூபணமானால் வேலை போகும்.

"சர்ச்சுல பக்கத்துல இருந்தவ எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போயிட்டாம்மா," என்றார் எஸ்தர். "அவ வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்திச்சு. நான் சொல்லியிருந்தா முன்னாடியே சாமான எடுத்திருப்பாளாம்." அவர் கண்ணைத் துடைக்கவில்லை. எனக்குத் துடைக்கவேண்டியிருந்தது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் சமாளித்தேன்.

அன்று முதல் எனக்கு நன்றாகப் பசித்தது. ஓய்வுபெற்றவர்களுக்கு மருத்துவர்கள் நடைப்பயிற்சி சொல்கிறார்கள். பழிவாங்கும் எண்ணத்தை அவர்கள் பரிந்துரைக்காதது ஏன் என்று தெரியவில்லை.

முதலில் தகவல் உரிமை மனு. அந்த இரண்டு நாளில் அந்தப் பிரிவிலிருந்து கணினிக்கு வந்த செய்தியின் நகல் கேட்டேன். "வரைபடத்தைக் காண்க" என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தேன். "மேற்படி வரைபடத்தை மீண்டும் காண்க" என்பதுபோல் ஒன்று வந்தது. பிறகு விசாரணையில் எஸ்தருக்குத் துணையாக நானே போனேன். ஓய்வுபெற்ற ஊழியர் துணையாக வரலாம் என்று விதி சொல்கிறது. சாட்சிப் பட்டியலில் வலைத்தளம் செய்த அவருடைய பெயரைச் சேர்க்கவைத்தேன்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் தேவைப்பட்டது. அதைவிட முக்கியமாக, கேள்விக்குப் பிறகு என்ன செய்யவேண்டும் என்பதை ஒரு வாரம் வீட்டில் கைக்கடிகாரத்தை வைத்துப் பழகினேன். ஒன்றும் செய்யாமல் இருக்கப் பழகினேன்.

விசாரணை அறையில் ஒரு மேசை, ஐந்து நாற்காலிகள். விசாரணை அலுவலர், தட்டச்சர், எஸ்தர், நான், எதிரே அவர். அன்றைக்கும் பெரிய சிரிப்போடுதான் வந்தார். "நல்லா இருக்கியளாக்கா?" என்றார். நன்றாக இருப்பதாகச் சொன்னேன். அது உண்மை.

"வெள்ளத்தன்னைக்கு எஸ்தர்கிட்டயிருந்து உங்க கணினிக்கு அளவு வந்திச்சா?"

"படத்துல பூஜ்யம் இருக்கேக்கா."

நான் பேசவில்லை. மின்விசிறி சுற்றியது. விசாரணை அலுவலர் என்னைப் பார்த்தார். பதிலுக்குக் காத்திருப்பதாகச் சைகை காட்டினேன். சாட்சி பேசி முடித்ததும் கேட்பவர் பேசியே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அவர் தண்ணீர்த் தம்ளரை நகர்த்தினார். மேசையில் கிடந்த பென்சில்களை வரிசையாக அடுக்கினார். "வந்திருக்கும். வராம எப்பிடிப் படம் வரும்?" என்றார். நான் பேசவில்லை. "ஒருவேளை வரலைன்னு வைங்க..." என்று தொடங்கி நிறுத்தினார். நான் பேசவில்லை. அந்த நிறுத்தத்தில் விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. அவர் நெற்றி வேர்த்தது.

"வரலக்கா," என்றார். "ரெண்டு நாளும் ஒண்ணும் வரல. வராத நாளுக்குப் பூஜ்யத்தப் போட்டுருன்னு நாந்தான் ரெண்டு வரி எழுதி வச்சிருந்தேன். இல்லைன்னு போட மனசு வரல."

தட்டச்சரின் விரல்கள் ஓடின. எஸ்தர் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தார். கேள்வி முடிந்தது என்று நான் எழுந்திருக்கவேண்டிய இடம் அது. எழுந்திருக்கவில்லை. எனக்குப் போதவில்லை. அவர் இன்னும் வேர்ப்பதைப் பார்க்கவேண்டியிருந்தது. பேசாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தையும் அவர் நிரப்பினார்.

"அக்கா அப்பமே சொன்னாவ சார், நாந்தான் கேக்கல. ஆனா அக்காவும் சோதிச்சுப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டாவல்லா. ரிட்டயர் ஆகுத அன்னைக்கு, மாலையோட. அளவு வராத நாளும் விதிப்படி காட்டுதுன்னு சர்டிபிகேட்டு என்கிட்ட இருக்கு சார்."

இருந்தது. அந்த நாளில் என் மேசைக்கு வந்த கோப்புகளில் அதுவும் ஒன்று. கழுத்து மாலை கண்ணை மறைக்க, பக்கத்தில் கேக் வெட்டக் காத்திருக்க, அவர் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். வாசகத்தை அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். ஒரு நாளின் அளவை அழித்துவிட்டுப் படத்தைப் பார்த்திருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. நான் பார்க்கவில்லை.

அவருடைய ஒப்பந்தம் ரத்தானது. வேறு அலுவலகங்களும் விலகிக்கொண்டன. பாத்திரக்கடை மாடியில் பெயர்ப்பலகை இறங்கியதைப் பார்க்க நான் வண்ணார்பேட்டைக்குப் பஸ் ஏறிப் போனேன்; அந்தப் பக்கம் எனக்கு வேறு ஜோலி இருக்கவில்லை. படியில் அவர் கணினிப் பெட்டிகளோடு இறங்கிவந்தார். என்னைக் கண்டதும் நின்றார். அக்கா என்று கூப்பிடுவார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல், நான் விலகி வழிவிடும்வரை நின்றுவிட்டு, போய்விட்டார். ஆறேழு வருடப் பழக்கத்தில் அவர் பேசாமல் விட்ட ஒரே இடம் அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு தெரு நடந்த பிறகு அவ்வளவு இல்லை. ஆனாலும் இருந்தது.

எஸ்தருக்கு மட்டும் உத்தரவு வரவில்லை. விசாரித்தபோது பிரிவு எழுத்தர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவரு வாயால சொன்னதுதானேம்மா. கோப்புல உங்க சர்டிபிகேட்டு இருக்கு. வராத நாள விதிப்படி காட்டுதுன்னு நீங்களே எழுதியிருக்கிய. அப்படின்னா பூஜ்யம் எஸ்தர் அனுப்புனதுன்னுதானே ஆவும்? நீங்க அது தப்புன்னு எழுதிக் குடுத்தா கோப்பு நகரும். ஆனா உங்க மேல வரும் பாத்துக்கிடுங்க."

என் பணிக்காலம் முழுவதும் ஒரு குறிப்பாணைகூட வாங்காதவள் நான். அதை விளக்கமாகவே பலரிடம் சொல்லியிருக்கிறேன். எஸ்தர் அப்போது ஓர் அரிசி ஆலைக் களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் நான் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. காகிதம் இல்லை என்றோ பேனா இல்லை என்றோ சொல்லமாட்டேன். எல்லாம் இருந்தது. எழுதினால் வலைத்தளம் செய்த அவரும் நானும் ஒரே கோப்பில், ஒரே பத்தியில் வருவோம். அதுதான் முள்ளாக இருந்தது.

நான்காவது வாரம் எஸ்தரே வந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அம்மா, அவர இனிமே விட்டுருங்க. பாவம்," என்றார்.

"நீ அவருக்கா பேச வந்தே?"

"அவருக்கில்லம்மா. அவரையே நெனைச்சுக்கிட்டு இருக்கிய. என் காரியம் அப்பிடியே கெடக்கு."

எஸ்தரை அனுப்பிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். மேற்படி சான்று சோதிக்காமல் வழங்கப்பட்டது. அதில் கண்டது உண்மையன்று. சோதிக்காதது என் தவறு. கீழே கையெழுத்து, முன்னாள் பதவி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். அவரை நான் மன்னிக்கவில்லை. நான் மன்னிக்காதவர்களின் பட்டியலில் என் பெயரும் சேர்ந்தது, அவ்வளவுதான்.

என்னிடம் விளக்கம் கேட்கும் கடிதம் ஒன்பதே நாளில் வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்பதில் அலுவலகம் தாமதிப்பதில்லை. எஸ்தருக்கு வரவேண்டிய உத்தரவைக் கேட்டு மாதாமாதம் முதல் தேதி நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். ஆடியில் ஆறு வற்றியது. ஐப்பசியில் மழை தொடங்கியது. அவருடைய பிரிவில் அப்போது மழையை யார் அளக்கிறார்கள் என்று கேட்டு அதற்கும் ஒரு மனு போட்டேன்.

பிறகு ஒரு முற்பகலில் எஸ்தர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆலைக் களத்திலிருந்து, இரைச்சலுக்கு மேலே கத்திக்கொண்டு, உத்தரவை எழுத்துக்கூட்டி வாசித்தார். குற்றச்சாட்டுகள் கைவிடப்படுகின்றன. நீக்கக் காலம் பணிக்காலமாகக் கருதப்படும். உடனே பணியில் சேரவேண்டும். 'உடனே' என்பதை இரண்டு முறை வாசித்தார்.

"இன்னைக்கேன்னா இன்னைக்கேவாம்மா? களத்துல நெல்லு காயுது, அள்ளிக் குடுத்துட்டுப் போவட்டா?"

"போட்டுட்டுப் போ," என்றேன்.

அது கார்த்திகை மாதம் மூன்றாம் தேதி, புதன்கிழமை.